யாருக்கும் கிடைக்காத பாதாம்

அத்தியாயம் 14

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு டாக்டர் குன்ஹில் வீட்டில் நடந்த கூத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

சாப்பாடு முடிந்து ரிசலமாங் கிண்ணம் மேசைக்கு வந்தது. பாலில் குழைய வெந்த அரிசி, கிரீம், நறுக்கிய பாதாம், மேலே சூடான செர்ரிப் பாகு. அதற்குள் ஒரே ஒரு முழுப் பாதாம். அது யாருக்குக் கிடைக்கிறதோ அவர் மூச்சுவிடக் கூடாது. கன்னத்தில் ஒதுக்கி ஒளித்துக்கொண்டு, கிண்ணம் காலியாகும்வரை மற்றவர்களைத் தின்னவைத்து வேடிக்கை பார்க்க வேண்டும். கடைசியில் வாயைத் திறந்து காட்டினால் பரிசு. பாதாம் மாவில் செய்த பன்றிக்குட்டி மிட்டாய்.

அன்று கிண்ணம் காலியாகவில்லை. வாத்துக் கறி தின்ற கனத்தில் எல்லோரும் பாதியில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கைகோத்துப் பாடி மரத்தைச் சுற்றிவர எழுந்துவிட்டார்கள். அந்தச் சுற்றில்தான் மூன்றரை வயது லிவா முகம் சிவக்கச் சிவக்க இருமினாள். அவள் அம்மா டீனே பதறிப்போனாள்.

டீனேயின் அக்கா குன்ஹில், குழந்தை மருத்துவத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள். லிவாவின் முதுகை இரண்டு தட்டு தட்டினாள்.

"பாடிக்கிட்டே ஓடினா எச்சில் புரையேறத்தான் செய்யும். இதுக்கா முகம் வெளுக்குது? தும்மினாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுற ஆளுடி நீ!"

எல்லோரும் சிரித்தார்கள். டீனேயின் புருஷன் எஸ்பெனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை டீனே இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று இருபத்தேழாம் தேதி. காலை எட்டு மணி.

வானொலி நிலையத்துக்குக் கிளம்புமுன் குன்ஹில் குளிர்பெட்டியிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்தாள். தனியாக இருக்கிறவளுக்கு விருந்தின் மிச்சம்தான் ஒரு வாரச் சாப்பாடு. நின்றபடியே வழித்து வழித்துத் தின்றாள். கிண்ணத்தின் அடி தெரிந்தது.

பாதாம் இல்லை.

"அடப்பாவி எஸ்பென், மென்னு முழுங்கிட்டியா?" என்று தானாகச் சிரித்தாள்.

போட்டது அவள்தான். வெந்நீரில் ஊறவைத்து, தோலுரித்து, இருப்பதிலேயே பெரியதாகப் பொறுக்கிப் போட்டாள். அதில் சந்தேகமே இல்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் காரை எடுத்தாள். அந்தப் பாதாம் எங்கே போயிற்று என்று இன்னும் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் யோசிக்கவில்லை.

*

ஸ்வென்போர் ஊரின் மறுகோடியில் டீனே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பத்தரை மணிப் படகில் ஏரோ தீவுக்குப் போக வேண்டும். எஸ்பெனின் அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள். அந்தப் படகில்தான் எஸ்பெனுக்கு வேலை. கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்துகிறவன். விடியுமுன்பே போய்விட்டான்.

லிவா தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். இருமல் ஒன்று வந்தது. சின்ன, வறண்ட இருமல்.

"இங்க வாடி கண்ணு. மூச்ச நல்லா இழுத்து விடு பாப்போம்."

டீனே குழந்தையின் முதுகில் காதை வைத்தாள். எங்கோ ஆழத்தில் ஒரு கீச்சொலி. கதவிடுக்கில் காற்று நுழைவது போல. இன்னொரு பக்கம் காதை வைத்தாள். அங்கே அது இல்லை.

"உள்ள ஒருத்தன் விசில் அடிக்கிறான்மா" என்றாள் லிவா பெருமையாக.

"வலிக்குதா?"

"ம்ஹூம்." பிறகு பொம்மையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, பெரியம்மா வீட்டுல அந்தக் கிண்ணம் காலியாயிடுச்சா?" என்று கேட்டாள்.

"எந்தக் கிண்ணம்? எதுக்குடி?"

"சும்மா."

டீனே போனை எடுத்தாள். அக்காவின் பெயர் முதலிலேயே இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது. போன குளிர்காலத்தில் நாலு தடவை லிவாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், நாலு தடவையும் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது தடவையும் சிரிப்பார்கள். தலைபோகிற காரியமானாலும் இனி அக்காவைக் கேட்பதில்லை என்று விருந்து நடந்த இரவே முடிவு கட்டியிருந்தாள்.

ஆனால் பயம் கேட்குமா? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒன்பது மணிக்கு அக்கா வானொலியில் பேசுவாள். பெயர் போடாமல் கேள்வி அனுப்பினால் யார் கேட்டதென்று அவளுக்குத் தெரியவா போகிறது? ஊரார் குழந்தைக்குச் சொல்கிற பதிலைத் தன் குழந்தைக்கும் சொல்லட்டும்.

எழுதினாள். இரண்டு தடவை அழித்து எழுதினாள். அனுப்பினாள்.

*

"பெற்றோர் கேட்கலாம்" நிகழ்ச்சிக்கு வட்டாரத்தில் பெரிய கூட்டம். குன்ஹில் சொன்னால் அப்பீல் கிடையாது. நிகழ்ச்சியை நடத்துகிற பிரேபெனுக்குப் பிள்ளை குட்டி இல்லை, வாய் மட்டும் உண்டு.

முதலில் ஓர் இளம் தாய். "மைனஸ் அஞ்சு டிகிரி டாக்டர். பாப்பாவ வண்டியில போட்டு வெளிய தூங்க வைக்கலாமா?"

"தாராளமா. கம்பளி உடுப்பு, கீழ ஆட்டுத்தோல். மைனஸ் பத்துக்குக் கீழ போனா உள்ள கொண்டு வந்துடுங்க. சளி, காய்ச்சல்னாலும் உள்ளதான். மூக்கு ஜில்லுன்னு இருக்குன்னு பயப்படாதீங்க, பிடரியில கைய வச்சுப் பாருங்க. அது கதகதன்னு இருந்தா போதும்."

"எனக்கும் அப்படி ஒரு வண்டி கிடைச்சா தேவலை" என்றான் பிரேபென்.

அடுத்தது, ஈரல் பேஸ்ட் தடவின கறுப்பு ரொட்டியைத் தவிர எதையும் தொடாத நாலு வயதுப் பையன்.

"தட்டுல வைக்கிறது உங்க வேலை. சாப்பிடுறது அவன் வேலை. அவன் வேலைய நீங்க பாக்காதீங்க. ரெண்டு மாசத்துல அவனே உங்க தட்டுல கை வைப்பான்."

பிரேபென் அடுத்த கேள்வியைப் படித்தான். "பேர் போடல டாக்டர். 'என் மகளுக்கு மூணரை வயசு. மூணு நாளா இருமல். காய்ச்சல் இல்லை. சாப்பிடுறா, விளையாடுறா. மூச்சு விடும்போது ஒரு பக்கம் கீச்சுன்னு சத்தம். வீட்டுல சொன்னா சிரிக்கிறாங்க. நான் பயப்படணுமா?'"

குன்ஹில் காப்பியை ஒரு வாய் குடித்தாள். இந்த மாதம் இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பாள்!

"பயம் வேண்டாம் அம்மா. ஊரே இருமுது. காய்ச்சல் இல்ல, சாப்பிடுறா, விளையாடுறா. இந்த மூணும் சரியா இருந்தா பாதி வைத்தியம் முடிஞ்ச மாதிரி. இன்னும் மூணு நாள் பொறுத்துப் பாருங்க. சில அம்மாக்களுக்குக் குழந்தையவிட அவங்க பயத்துக்குத்தான் மருந்து தேவைப்படுது."

பிரேபென் சிரித்தான். குன்ஹிலும் சிரித்தாள்.

ஊரின் மறுகோடியில் ஒரு கை வானொலியை அணைத்தது. டீனே கோட்டை மாட்டிக்கொண்டு, லிவாவின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, கதவைப் பூட்டினாள்.

*

மணி பத்தாக இன்னும் பத்து நிமிஷம். கடைசி அழைப்பு, மூன்று பிள்ளைக்காரர் ஒருவர்.

"டாக்டர், வீட்டுல ஒரே சண்டை. சின்னவனுக்கு ரெண்டு வயசு. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவனையும் பாதாம் விளையாட்டுல சேத்துக்கலாமா? வேண்டாம்னா அழுவான், வேணும்னா அவங்கம்மா அழுவா."

"அவங்கம்மா சொல்றதுதான் சரி" என்றாள் குன்ஹில். "மூணு வயசுக்குக் கீழ முழுப் பருப்பு வேண்டவே வேண்டாம். அதுக்கு மேலயும் உக்காந்து மென்னு தின்னா மட்டும்தான். கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு ஓடுறது, பாடுறது, சிரிக்கிறது எல்லாம் ஆபத்து. பருப்பு வயித்துக்குப் போகாம மூச்சுக்குழாய்க்குப் போயிடும்."

"போனா உடனே தெரிஞ்சிடுமே?" என்றான் பிரேபென்.

"அதான் இல்ல. முதல்ல ஒரு நிமிஷம் முகம் சிவக்க இருமும். அப்புறம் பருப்பு கீழ இறங்கி ஒரு பக்கக் குழாய்க்குள்ள உக்காந்துக்கும். இருமல் அடங்கிடும். குழந்தை சாப்பிடும், விளையாடும், காய்ச்சல்கூட இருக்காது. பெத்தவங்க மட்டுமில்ல, டாக்டருங்களே ஏமாந்து போவாங்க. கவனிச்சுக் கேட்டா ஒரு பக்கம் மட்டும் கீச்சுன்னு..."

நின்றுவிட்டாள்.

கழுவிக் கவிழ்த்த கிண்ணம் கண்ணுக்குள் வந்தது. பாதாம் இல்லாத கிண்ணம். மரத்தைச் சுற்றி ஓடிய சின்னக் கால்கள். தான் தட்டின அந்த முதுகு. மூன்றரை வயது, மூன்று நாள், வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

யார் சிரித்தது? முதலில் சிரித்தது யார்?

"டாக்டர்?" பிரேபெனின் குரலில் விளையாட்டு போய்விட்டது. வானொலியில் ஐந்து விநாடி மௌனம் என்பது ஐந்து வருஷம்.

குன்ஹில் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவதா கேள்வி கேட்ட அம்மா, நான் சொன்னது தப்பு. பொறுக்காதீங்க. குழந்தைக்குச் சாப்பிடவோ குடிக்கவோ ஒண்ணும் குடுக்காதீங்க. படுக்க வைக்காதீங்க, முதுகுல தட்டாதீங்க, அழ விடாதீங்க. மடியில உக்கார வச்சுக்கிட்டு அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்க." அதற்குமேல் அவளால் டாக்டராகப் பேச முடியவில்லை. "டீனே, கேக்குறியா? டீனே!"

டீனே கேட்கவில்லை. அணைத்த வானொலி என்ன பேசும்?

*

நடைபாதையில் ஓடிக்கொண்டே குன்ஹில் தங்கைக்குப் போன் அடித்தாள். மணி அடித்தது, துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். மறுபடியும் துண்டிப்பு. மூன்றாவது தடவை போனே அணைந்திருந்தது. எஸ்பென் வேலை நேரத்தில் போனைப் பெட்டிக்குள் பூட்டிவைப்பவன். பண்டிகை நாளென்று படகு அலுவலகத்தில் பதிவுக்குரல் மட்டும் பேசிற்று.

பிரேபென் கோட்டைக்கூடப் போடாமல் வாசல்வரை பின்னால் ஓடிவந்தான்.

"ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன் டாக்டர். எந்த விலாசம்?"

"படகுத்துறை! பத்தரைப் படகுல போறதா சொன்னாங்க! மூச்சுக்குழாய்ல பாதாம்னு சொல்லு, மூணரை வயசுன்னு சொல்லு!"

ரோட்டில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. வேகமாகவும் போக முடியாது, மெதுவாகவும் போக முடியாது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? இருபத்தாறு வருஷத்தில் இதே கதையை எத்தனை இளம் டாக்டர்களுக்குப் பாடமாக நடத்தியிருப்பாள்! ஊர்க் குழந்தை என்றால் முதல் கேள்வியே, "இருமல் தொடங்கினப்போ வாயில என்ன இருந்தது?" என்பதுதான். தன் தங்கை மகளுக்கு மட்டும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்கிறவள் டீனே என்பதால் தோன்றவில்லை. அவமானத்தில் காது சுட்டது. அதைவிடப் பெரியது பயம். ஒரு பக்கக் குழாயில் இருக்கும்வரை மறுபக்கம் மூச்சு வாங்கும். ஒரு பலத்த இருமல் போதும், பாதாம் மேலேறி நடுக்குழாயை அடைத்துக்கொள்ளும். பிறகு உயிருக்கு நாலு நிமிஷம்தான். படகு தீவுக்குப் போக ஒண்ணேகால் மணி நேரம்.

துறையில் காரை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினாள். படகின் முன்கதவு இறங்கத் தொடங்கியிருந்தது. அதன் கீழே குனிந்து நுழைந்தாள்.

"அடடே, அக்கா!" மஞ்சள் உடுப்பில் எஸ்பென். "டிக்கெட் இல்லாம ஏறினா கடல்ல தள்ளிடுவோம், தெரியுமில்ல?"

"படகை நிறுத்து."

"என்னது?"

"லிவாவுக்கு மூச்சுக்குழாய்ல பாதாம் இருக்கு. அன்னிக்கு யாருக்கும் கிடைக்காம போச்சே, அந்தப் பாதாம். மேல போய்க் கேப்டன்கிட்ட சொல்லு. ஓடு!"

அவன் முகத்தில் இருந்த சிரிப்புக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் அப்படியே இருந்தது. பிறகு இரும்புப் படிகளில் தடதடவென்று ஏறினான். அதற்குள் தரை அதிர்ந்தது. படகுக்கும் துறைக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர் அகன்றுகொண்டே போயிற்று.

*

பயணிகள் கூடத்தில் ஜன்னலோரம் டீனே உட்கார்ந்திருந்தாள். லிவா மேசைமேல் கன்னத்தை வைத்துக் கப்பல்துறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீனே ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்காத!"

கூடமே திரும்பிப் பார்த்தது. டீனே எழுந்துவிட்டாள்.

"இங்கயும் வந்துட்டியா? மூணு நாள் பொறுக்கச் சொன்னேல்ல, பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் பயத்துக்கு மருந்து கொண்டு வந்தியா?"

"டீனே, மெதுவாப் பேசு."

"ஊரே கேக்க என்னைக் கேலி பண்ணிச் சிரிச்சப்போ மெதுவாவா சிரிச்ச?"

"இல்ல. தப்புதான்." குன்ஹில் தங்கையின் கையைப் பிடித்தாள். "நீ பயந்ததுதான் சரிடி. நான்தான் காது கேக்காம இருந்துட்டேன். இப்ப அவ முன்னாடி அழாத. அவளும் அழக் கூடாது. தயவு பண்ணி."

அக்கா "தயவு பண்ணி" என்று சொல்லி டீனே இதுவரை கேட்டதில்லை. உட்கார்ந்தாள். குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

குன்ஹில் முழங்காலிட்டாள். ஸ்டெதஸ்கோப் காரில் கிடந்தது. லிவாவின் கம்பளிச் சட்டைக்குள் காதை வைத்தாள். இடப்பக்கம் மூச்சு தெளிவாக வந்து போயிற்று. வலப்பக்கம் வைத்தாள். அந்தக் கீச்சொலி. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. காற்று போகாத வீட்டின் நிசப்தம்.

"கூச்சமா இருக்கு பெரியம்மா" என்றாள் லிவா. சிரிக்கப் போனாள்.

"சிரிக்காதடி தங்கம். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு ராத்திரி ரிசலமாங் சாப்பிட்டோமே, உனக்குப் பாதாம் கிடைச்சுதா?"

லிவா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். மூன்று நாள் காத்த ரகசியம் கண்ணில் பளபளத்தது.

"கிண்ணம் காலியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. இன்னிக்குக் காலையில நான்தான் கடைசி வாய் சாப்பிட்டேன்."

"அப்ப சொல்லலாமா?"

"சொல்லலாம்."

லிவா பொம்மையைக் கீழே வைத்தாள். சட்டைப் பொத்தானுக்கு மேல், நெஞ்சின் நடுவில் விரலை வைத்தாள்.

"கன்னத்துலதான் ஒளிச்சேன். பாட்டுப் பாடுறப்போ உள்ள ஓடிப்போயிடுச்சு. நான் யாருக்கும் சொல்லவே இல்ல. இன்னும் இங்கதான் ஒளிச்சு வச்சிருக்கேன்." பிறகு குரல் எழும்பியது. "நான் ஜெயிச்சுட்டேனா பெரியம்மா?"

டீனே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருபத்தாறு வருஷமாக ஆயிரம் பெற்றோரின் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னவள் குன்ஹில். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசித்தாள். ஆமாம் என்றால் குழந்தை குதிப்பாள், கத்திச் சிரிப்பாள். இல்லை என்றால் வீறிட்டு அழுவாள். இரண்டில் எது வந்தாலும் அந்தப் பாதாம் அசையும்.

படகு தயங்கியது. பிறகு தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எஸ்பென் கேப்டனைப் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டான். ஜன்னலில் துறை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அங்கே ஆம்புலன்ஸின் நீல விளக்கு இருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. திரும்பிப் போய்க் கட்டுவதற்குக் கால்மணி நேரமாவது ஆகும்.

குன்ஹில் தன் குரலை வானொலிக் குரலாக்கினாள். எந்த அம்மாவும் நம்பிவிடுகிற, அமைதியான குரல்.

"இன்னும் இல்ல, லிவா. விளையாட்டோட கடைசி பாகம் ஒண்ணு இருக்கு. பெரியவங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். அந்தா தெரியுதே கரை, அங்க போய்ச் சேர்ற வரைக்கும் யாரு பேசாம, சிரிக்காம, அழாம, அசையாம உக்காந்திருக்காங்களோ அவங்களுக்குத்தான் பன்னிக்குட்டி. உன்னால முடியுமா?"

லிவா மூன்று நாளாக விளையாடிக்கொண்டிருப்பவள். இன்னும் கால்மணி நேரம் அவளுக்கு எம்மாத்திரம்? முதுகை நிமிர்த்தி அம்மாவின் மார்பில் சாய்ந்தாள். இரண்டு கைகளையும் வாய்மேல் வைத்துக்கொண்டாள்.

டீனே ஒரு கையால் மகளை அணைத்திருந்தாள். மறுகை அக்காவின் விரல்களை எலும்பு நோகப் பிடித்திருந்தது. இருவரும் குழந்தையின் தோள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறியது. இறங்கியது. ஏறியது.

கரை பாதித் தூரத்துக்கு வந்திருந்தது. மூடிய கைகளுக்குள்ளிருந்து, மெதுவாக, லிவாவுக்கு முதல் விக்கல் வந்தது.